மின்வாயும் வியர்வையும்

இடக்கொச்சிக்கு அக்கரையிலுள்ள அரூரில் இறால் உரிக்கும் பெண்களின் முன்கைத் தசை படும் பாட்டைத் தோலின் மேல் வைத்த மின்வாய்களைக் கொண்டே அளத்தல் கூடும். தசையின் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே. ஆதலின் விலையுயர்ந்த பெருக்கியையே பலரும் நாடுகின்றனர். பிழையோ பெரும்பாலும் தோலிலேயே நேர்ந்துவிடுகிறது. இரு மின்வாய்களையும் தசைநாரின் போக்கில், மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர் தொலைவில் வைத்தல் நலம் என்பது ஐரோப்பிய 'செனியம்' குழுவின் பரிந்துரை. காயலோரப் புழுக்கத்தில் வியர்வை அவ்விடைவெளியை நிரப்பி இரண்டையும் இணைத்துவிடும். அளக்கப்படுவது அவற்றிடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடாதலின், குறி சுருங்கி, கை உழைக்கவே இல்லை போலும் என்று ஏட்டில் பதிவாகும்! பசை வெளியே பரவாதபடி குழிவாக அமைந்த வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாய்களும், ஒவ்வொன்றுக்கும் தனி ஒட்டுவளையமுமே இத்தகைய ஊர்களுக்கு ஏற்றவை. ஒட்டுமுன் தோலைச் சாராயத்தால் துடைத்து நன்கு உலரவிடுதல் வேண்டும்; அவசரத்தில் கைவிடப்படுவது பெரும்பாலும் இதுவே.