இரண்டு வாரத் தொண்டு யாருக்கு?

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் நேபாளம் போய்த் தொண்டு செய்துவிட்டு வரலாமா டீச்சர் என்று என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். அவர்களைத் தங்கவைக்கப் போகும் வீட்டை நினைத்துத்தான் சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தை 7.8 அளவில் உலுக்கிய நிலநடுக்கத்தின் மையம் கோர்க்கா மாவட்டம். சுமார் 9,000 பேர் மாண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு தொண்டு அமைப்பு மூலம் கணக்குச் சொல்லிக் கொடுக்க நான் போனபோதும் அங்கே ஒரு மலைக்கிராமத்தில் தகரக் கொட்டகையில்தான் வகுப்பு நடந்தது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் கிளம்புவது சுலபம். தங்குவதற்கு செத்ரி என்ற உயர்சாதிக் குடும்பம் ஒன்றின் வீட்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். மாமியார், மருமகள், படிக்கிற பிள்ளைகள் இரண்டு. மருமகளின் கணவர் கத்தாரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கட்டிலைத்தான் எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் பிழைக்க வெளிநாடு போக, நான் தொண்டு செய்ய வெளிநாடு வந்து அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன்.

நேபாள மலைக்கிராமங்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட கால் பங்குக்குச் சமம். ஆகவே விருந்தாளி என்று ஒருவர் வந்து இறங்கினால் அந்தப் பாரம் முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில். மருமகள் விடியுமுன் எழுந்து, டோகோ என்கிற மூங்கில் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு எருமைக்குப் புல் அறுக்கப் போவாள். திரும்பி வந்து ஒன்பது மணிக்குள் பருப்பும் சோறும் ஆக்கி, முதல் தட்டை எனக்கு வைப்பாள். அவள் சாப்பிடுவது எல்லோரும் எழுந்த பிறகு.

போன அன்று மாமியார் என் ‘தர்’ என்ன என்று கேட்டார். குடும்பப் பெயரைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும் ஊர் அது. என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. நான் உட்கார அடுப்படிக்கு வெளியே பலகை போட்டார். 1963-லேயே தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்த நாடு! (நம் ஊர் யோக்கியதை தெரிந்த நான் ரொம்பவும் ஆச்சரியப்படவில்லை.)

மாதக் கடைசியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, பால் சங்கத்து நோட்டைக் கூட்டிப் பார்க்க என்னிடம் கொண்டுவந்தாள். தேவநாகரி எண்களைத் தட்டித்தடவிப் படித்தேன். நான் வந்த தேதியிலிருந்து தினம் ஒரு லிட்டர் குறைந்திருந்தது. காலை டீ, தயிர், ராத்திரி ஒரு டம்ளர் பால் என்று எனக்குப் போனது அது. மறுநாள், பால் இல்லாத டீயே போதும் என்றேன். மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏன், எங்கள் எருமை வற்றியா போய்விட்டது?” என்றார். விருந்தாளியால் செலவு வைக்காமலும் இருக்க முடியாது, மறுக்கவும் முடியாது. பழகப் பழகத்தான் இந்த இறுக்கம் தளரும். அதற்கு மாதக்கணக்காகும்.

எனக்குத் தளர்ந்தது ஆசார் மாதத்தில், அதாவது ஜூன் கடைசியில். நாற்று நடவு. நடவையொட்டி ஆசார் 15 அன்று தயிரும் அவலும் சாப்பிடுவது அங்கே வழக்கம். பள்ளிக்கு விடுமுறை, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேற்றில். என் வீட்டு மருமகளும் பக்கத்து வயல்களுக்குக் கைமாற்று நடவுக்குப் போயாக வேண்டும். உலை வைக்க ஆள் இல்லை. “தீதி (அக்கா), சோறு வடிக்கத் தெரியுமா?” என்று அவள் வாசலிலிருந்து கேட்டாள். மாமியார் வாய் திறக்கவில்லை. நான் உள்ளே போனேன். நடவு முடியும்வரை இரண்டு வேளையும் என் சமையல். ஒருநாள் ரசம்கூட வைத்தேன், பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்தார்கள். பள்ளியில் நான் நடத்திய பின்னக் கணக்கு எத்தனை பேர் மண்டையில் ஏறியதோ தெரியாது. அந்த வீட்டுக்கு நான் உதவியது நடவு நாளில்தான். இரண்டு வாரத்தில் திரும்பியிருந்தால் அது வாய்த்திருக்காது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அனுப்பிய அமைப்புக்கு நான் கட்டிய தொகையில் பாதிகூட அந்த வீட்டுக்கு வரவில்லை. வந்ததும் இன்னொருவர் கை மாறித் தாமதமாக வந்தது. தொண்டு அமைப்புகளின் விளம்பரத் தாளில் குழந்தைகள் சிரிக்கிறார்கள், பனிமலை மின்னுகிறது. சோறு ஆக்குகிறவளுக்கு மாதம் எவ்வளவு என்று மட்டும் எங்கும் அச்சிடுவதில்லை. அச்சிட வேண்டும்.

மூன்று மாதமாவது ஒதுக்க முடிகிறவர்கள் போங்கள். போகுமுன், வீட்டுக்கு எவ்வளவு போகிறது, யார் கையில் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் சுற்றுலாவாகவே போங்கள். சியாங்ஜா மாவட்டத்துச் சிருபாரியில் 1997 முதல் கிராமமே சேர்ந்து, விருந்தினரை வீடுகளுக்குப் பிரித்துக் காசு வாங்கித் தங்கவைக்கிறது. அங்கே தங்கி, சாப்பிட்ட சோற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.