காட்சிக்கூடம் வேறு, களஞ்சியம் வேறு

பெங்களூரின் ஏரிக்கரைகளையும் கல்வெட்டுகளையும் சந்தைத் தெருக்களையும் 360 பாகைப் படங்களாகவும் காணொளிகளாகவும் பதிவு செய்வது இன்று ஓர் ஆய்வு மாணவரின் கைக்கெட்டிய காரியம். இவற்றை இணையத்தில் எங்கே பகிர்வது என்று கேட்டால், அதிகம் பேர் பார்க்கும் இடத்தில் என்ற விடையே உடனே வரும். அந்த விடை பாதி சரி. பார்க்கக் கிடைப்பதும் பாதுகாக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதை இந்த நகரத்தின் வரலாறே காட்டுகிறது.

2011 மே மாத இறுதியில் கூகுள் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் வியூ வாகனங்கள் பெங்களூரின் சாலைகளில் படமெடுக்கத் தொடங்கின. சில வாரங்களுக்குள் நகரக் காவல்துறை பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பணியை நிறுத்தச் சொன்னது. 2016இல் நாடு தழுவிய திட்டத்துக்கும் மத்திய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான புவியிடத் தரவு வழிகாட்டு நெறிகள், தெருக்காட்சி அளவைப் பணியை இந்தியர்களுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதாக்கின. அதன் பிறகே, 2022 ஜூலையில், ஜெனிசிஸ் இன்டர்நேஷனல், டெக் மகிந்திரா ஆகிய நிறுவனங்களின் துணையுடன் பெங்களூர் உட்படப் பத்து நகரங்களில் அந்தச் சேவை அறிமுகமாயிற்று.

இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் நகரம் காத்திருக்கவில்லை. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளி முதல் எம்.ஜி. சாலை வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2017 ஜூனில் சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டம் முழுமை பெற்றது. தூண்கள் எழுந்தன, மரங்கள் வீழ்ந்தன, எம்.ஜி. சாலையோரத்துப் பழைய நடைபாதை உருமாறியது. அந்த மாற்றத்தைத் தெருமட்டத்திலிருந்து ஆராய விரும்பும் ஒருவருக்கு, நகரம் முழுவதையும் தழுவிய, பொதுப் பார்வைக்குத் திறந்த தெருக்காட்சித் தொகுப்பு கூகுளிடம் அன்று இல்லை. தனிமனிதர்கள் எடுத்து வைத்த படங்களே சான்று. அவை எங்கே வைக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே அந்தச் சான்றின் ஆயுளும் அமைந்தது.

அவ்வாறு வைக்கப்பட்ட இடங்கள் சில இன்று இல்லை. இடங்களின் ஒளிப்படங்களை வரைபடத்தின் மேல் பதிந்து வைத்த பனோராமியோ தளம் 2007இல் கூகுளின் உடைமையாகி, 2016 நவம்பரில் மூடப்பட்டது. பல படங்களை இணைத்து முப்பரிமாணக் காட்சியாக்கிய மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் 2017 பிப்ரவரியில் நின்றது. கைப்பேசியால் முழுவட்டப் படம் எடுத்துப் பதிவேற்ற உதவிய ஸ்ட்ரீட் வியூ செயலியை 2023 மார்ச்சில் கூகுள் விலக்கிக்கொண்டது. இவற்றில் எதையும் வஞ்சகம் எனல் பொருந்தாது. வணிக நிறுவனம் தனக்குப் பயன் தராத சேவையை மூடுவது இயல்பு. அந்தச் சேவையைத் தன் ஆவணக் காப்பகமாக ஆய்வாளர் கருதுவதே பிழை.

நிறுவனம் நிலைத்திருந்தாலும் கோப்பு முழுமையாகப் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. முழுவட்டப் படம் கணினியில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் விரிந்த தட்டையான படமாகவே சேமிக்கப்படுகிறது. அதைச் சுழற்றிப் பார்க்கச் செய்வது கோப்பினுள் பொதிந்த சிறிய மீத்தரவு. எடுத்த இடமும் நேரமும் திசையும் அங்கேயே உள்ளன. குறுஞ்செய்திச் செயலிகள் வழியாக ஒருமுறை அனுப்பினாலே அந்தத் தரவு உதிர்ந்துபோகலாம். யூடியூப் 2015 முதல் 360 பாகைக் காணொளியை ஏற்கிறது. ஆனால் ஏற்றப்பட்டதை மறுகுறியாக்கம் செய்தே காட்டுகிறது. பார்வையாளர் காண்பது நகலின் நகல்.

ஆகவே இரண்டு இடங்கள் தேவை. மக்கள் பார்வைக்குக் கூகுள் வரைபடமோ யூடியூபோ இருக்கட்டும்; அவற்றின் வீச்சு வேறெதற்கும் இல்லை. களஞ்சியத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற குறையும் உண்மையே. ஆனால் விளைந்ததெல்லாம் சந்தைக்குப் போனாலும் விதைநெல் வீட்டில் இருக்க வேண்டும். மூலக்கோப்புக்குரிய இடம் களஞ்சியம்.

அத்தகைய இடங்களுக்குப் பஞ்சமில்லை. விக்கிமீடியா பொதுவகம் தனிச்சிறப்புடைய இடங்களின் படங்களுக்கு ஏற்றது. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தில் தர வேண்டும், காணொளியை வெப்எம் போன்ற திறந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். தெருத்தெருவாக எடுத்த தொடர்படங்களுக்கு மேப்பிலரி உண்டு. முகங்களையும் வாகன எண்களையும் தானே மங்கலாக்கும் அத்தளம் 2020இல் ஃபேஸ்புக்கின் உடைமையாயிற்று என்பதை மறத்தலாகாது. ஆய்வுத் தரவாக மேற்கோள் காட்டப்பட வேண்டியவற்றுக்குச் செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ பொருத்தமானது. அது ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான டிஓஐ எண் தருகிறது; தேவையெனில் கோப்பை மூடி வைக்கவும் இடமளிக்கிறது.

மூடி வைக்கும் அந்த வசதி சிறிய செய்தியன்று. சாதாரண ஒளிப்படத்தில் எடுப்பவர் எதை விடுவது என்று தெரிவு செய்கிறார். முழுவட்டப் படத்தில் அந்தத் தெரிவு இல்லை. கேமராவின் முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது. குடிசைப் பகுதி ஒன்றின் சந்தில் எடுத்த படத்தில் கோயிலோடு சேர்ந்து எதிர்வீட்டு வாசலும், துணி துவைக்கும் பெண்ணும், பள்ளி செல்லாத சிறுவனும் பதிவாகிறார்கள். அவர்களுடைய ஒப்புதலின்றி அதை உலகுக்குத் திறந்துவிடுவது ஆய்வறமாகாது. சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுவரோவியங்களை ஒளிப்படம் எடுப்பதற்கு அந்த விலக்கு அதே தெளிவோடு நீளவில்லை. சுவர்தோறும் ஓவியம் தீட்டும் நகரத்தில் இதைப் பதிவேற்றுமுன் எண்ணிப் பார்ப்பது நன்று.

இந்தச் சுமை முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவது முறையாகாது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவில் பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்கின்றன. ஆய்வேட்டின் பக்கங்களில் ஏரி ஒரு தட்டைப் படமாக நிற்கிறது. அதன் முழுவட்டக் காட்சியோ ஆய்வாளரின் மடிக்கணினியோடு முடிந்துபோகிறது. பிரான்சில் அரசின் புவியியல் நிறுவனமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களும் இணைந்து பனோராமேக்ஸ் என்ற திறமூல அமைப்பை உருவாக்கியுள்ளனர். எந்த நிறுவனமும் அதைத் தன் வழங்கியில் நிறுவித் தெருக்காட்சிகளைத் தானே காக்கலாம். தகவல் தொழில்நுட்பத் தலைநகர் என்று பெயர் பெற்ற பெங்களூரில், இந்திய அறிவியல் கழகம் முதலிய ஆய்வு நிறுவனங்கள் உள்ள ஊரில், இது தொழில்நுட்பத்தால் இயலாத செயலன்று. ஒரு பல்கலைக்கழக நூலகம் முன்வந்தால் போதும்.

இன்று எடுக்கப்படும் ஏரிக்கரைப் படத்தை 2050இல் ஒருவர் தேடி வருவார். நீர் எதுவரை நின்றது, எந்த மரம் இருந்தது, கரையை ஒட்டி யார் வாழ்ந்தார்கள் என்று கேட்பார். எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு அவருக்குப் பயன்படாது. மூலக்கோப்பும், எடுத்த நாளும், இடமும், உரிமமும் கிடைத்தால் அவர் தம் வேலையைத் தொடங்கலாம். களஆய்வுத் திட்டத்தை வகுக்கும்போதே சேமிப்பிடத்தையும் உரிமத்தையும் மாணவரும் நெறியாளரும் கூடி முடிவு செய்யட்டும். ஆய்வேட்டை ஏற்கும் துறைகள் அதைக் கேட்டு வாங்கட்டும்.