வவுச்சர் இல்லாத புல்

"காய்ந்த புல்லைக் காகிதத்தில் ஒட்டி பீரோவில் பூட்டி வைக்க அரசாங்கச் சம்பளமா?" ஹெர்பேரியம் என்றாலே என் வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பி.காம். படிக்கிறவன் கேட்கவே கூடாத கேள்வி இது!

ஆடிட்டிங்கில் முதல் பாடமே வவுச்சர்தானே? செலவு எழுதினால் போதாது, ரசீது எங்கே? தாவரவியலிலும் அதே கதைதான். அங்கேயும் அதற்குப் பெயர் வவுச்சர்! செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி வைத்தால்தான் அது கணக்கு. மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

நம்ம கொறங்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லை மேய்ந்துதான். தார் பாலைவனத்திலும் இது உண்டு. இதே புல்லை மாட்டுத் தீவனத்துக்கென்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அரிசோனாவில் சகுவாரோ தேசியப் பூங்கா என்கிற பாதுகாக்கப்பட்ட பாலைவனத்தில் இதைக் களை என்று பிடுங்குகிறார்கள். காய்ந்தால் தீப்பிடித்து, நெருப்பைத் தாங்காத சகுவாரோ கள்ளியையும் எரித்துவிடுகிறது.

இங்கே சொந்தக்காரன், அங்கே வந்தேறி. இதற்குச் சாட்சி யார்? எந்த ஊரில் எந்த வருஷம் எடுத்தது என்று சொல்லும் பழைய தாள்கள்தான்.

"செல்போனில் போட்டோ எடுத்தால் போதாதா?" என்பீர்கள். போதாது நண்பர்களே. கொழுக்கட்டைப் புல்லிலேயே பல வகை. கதிரில் இருக்கும் முட்கள் அடியில் ஒட்டியிருக்கின்றனவா, அவற்றில் மயிர் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நாளைக்குப் பெயரையே மாற்றினாலும் தாளை எடுத்து மறுபடி பார்க்கலாம். போட்டோவில் அது நடக்குமா?

எங்கள் பெருந்துறையில் சிப்காட் வருவதற்கு முன் அந்த மண்ணில் என்னென்ன புல் இருந்தது? தாள் இருந்தால் பதில் உண்டு. இல்லாவிட்டால் அப்பாரு சொன்னதுதான் கணக்கு.

தாள்களை வைக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து 1909-ல் கோவைக்கு வந்த மெட்ராஸ் ஹெர்பேரியம் லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், பொட்டானிக்கல் சர்வே ஆப் இந்தியாவின் பொறுப்பில் இருக்கிறது. பெருந்துறையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்!

இதெல்லாம் வீண் செலவு என்ற நினைப்பு பணக்காரர்களுக்கும் உண்டு. 8 லட்சத்துக்கும் அதிகமான தாள்கள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2024-ல் அறிவித்தது. பல நாட்டுத் தாவரவியலாளர்கள் எதிர்த்தார்கள். ஒரு கம்பெனி தன் பழைய வவுச்சர்களை எரித்தால் நாம் என்ன சொல்வோம்? மோசடி என்போம்.

கொறங்காடுகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தைத் 'தரிசு' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடிக்கிறார்கள். தரிசு என்று எழுதுகிறவர் அங்கே என்ன முளைக்கிறது என்று பார்த்தாரா? என் கோரிக்கை ஒன்றுதான். சுற்றுச்சூழல் அறிக்கையில் செடிப் பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாளைக் கோவையில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். வவுச்சர் இல்லாத பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். ஊர் மண்ணை விற்கிற கணக்குக்கு மட்டும் எதற்குச் சலுகை?