கறுப்பின் மேல் விழும் வெளிச்சம்

ஓவியர் இளையராஜா 2021 ஜூன் மாதம் கொரோனாவில் இறந்தபோது, அவர் வரைந்த தமிழ்ப் பெண்களின் படங்களைப் பலரும் பகிர்ந்தார்கள். 'போட்டோ மாதிரியே இருக்கு' என்பதுதான் பொதுவான பாராட்டு. தோழர்களே, அதோடு நிறுத்திவிட்டால் அவர் செய்த முக்கியமான காரியம் நம் கண்ணில் படாமல் போய்விடும்.

வாசலிலும் சன்னலோரத்திலும் இருக்கும் அவருடைய பெண்களின் தோலை உற்றுப் பாருங்கள். வெயில் படும் கன்னம் செம்பு போல மின்னும். நிழல் பக்கம் அடர்பழுப்பாக இறங்கும். கறுப்புக்குள் இத்தனை நிறங்கள் இருப்பதை அவர் பொறுமையாகத் தேடி வரைந்திருக்கிறார்.

இது அழகியல் மட்டுமல்ல, அரசியலும்தான். 1894இல் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் வெளுத்த தெய்வங்கள் காலண்டராக நம் வீடுகளுக்கும் வந்தன. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2020இல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. எண்ணம் போய்விட்டதா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாலை நேரப் படிப்பு மையங்களில் அம்மாவை வரையச் சொன்னால், பிள்ளைகள் இன்றும் ரோஸ் நிற கிரேயானைத்தான் தேடுகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் வீட்டில் அமைதியாக இருப்பவர்கள். செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் நிற்கும் நம் பெண்கள் எங்கே? பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களை வரைந்தார். பாரிஸின் வசதியானவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் படத்தில் பொன் வெளிச்சம் தூரத்துக் கதிர்ப் போர்களின் மேல் விழுகிறது. குனிந்திருக்கும் பெண்களின் முகமோ நிழலில். விளைச்சல் யாருக்கு என்பதை வெளிச்சமே சொல்லிவிடுகிறது.

சேரி எரிந்தால், பிணம் விழுந்தால்தான் நம் முகம் பத்திரிகைக்கு வருகிறது. அந்தப் படங்கள் சாட்சியம், அவை வேண்டும். ஆனால் அடிபட்ட முகம் மட்டுமே நம் முகம் என்று உலகம் பழகிவிடக் கூடாது. வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்காரும் அம்மாவின் மேல் சாயங்கால வெயில் விழுவதும் நம் வரலாறுதான்.

இனி எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் வெளிச்சம் யார் மேல் விழுகிறது என்று கேளுங்கள். கையில் தூரிகை இருப்பவர்கள், ரோஸ் கிரேயானை ஓரம் வைத்துவிட்டு நம் ஆட்களை வரையுங்கள்.