அப்பா விட்டுச்சென்ற பங்குகள்

பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்த நமக்கு, பங்குச் சான்றிதழ் வாரிசுச் சொத்தாக வருவது புதிது. இட ஒதுக்கீட்டால் வேலைக்குப் போன முதல் தலைமுறை இப்போது அதையும் விட்டுச்செல்கிறது.

விற்கப் போனால் முட்டுவது பெயரில். அப்பாவின் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிழையாக எழுதியது ஏதோ ஓர் அலுவலகம். நிரூபிக்க அலைவது கணவனை இழந்த அம்மா. இது என்ன நியாயம்? இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பங்கிலேயே பங்கு கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள் தோழர்களே. வாரிசுச் சான்றிதழ், பெயர் வேறுபாட்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம், உங்கள் பெயரில் டிமேட் கணக்கு என்று தொடங்குங்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். 7 ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாத பங்கு ஒன்றிய அரசின் நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், அலைச்சல் அதிகம். பங்கு பெயர் மாறி வந்த பிறகு விற்க அவசரமில்லை. அப்பா வைத்திருந்த காலமும் வரிக் கணக்கில் உங்களுக்குச் சேரும்.