அடக்கத்தான் வேண்டும், அந்த எதிர்ப்புச் சக்தியை

“ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. இருப்பதையும் அடக்குகிற மாத்திரையைக் கொடுக்கிறார்களே!” ஸ்டீராய்டு எழுதிய சீட்டைப் பார்த்ததும் பல வீடுகளில் எழும் குரல் இது. அக்கறையில் பிறந்ததுதான். ஆனாலும் தவறு, உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு மண்டலம் தடம் புரள்கிறது. கிருமியிடம் தோற்றுப்போகும் அதே மண்டலம் சொந்தச் சிவப்பணுக்கள்மீது பாய்கிறது. எதிர்ப்புப் புரதம் ஒட்டிய அணுக்களை மண்ணீரல் விழுங்குகிறது. 120 நாள் வாழ வேண்டியவை சில நாளிலேயே அழிகின்றன; ஹீமோகுளோபின் மளமளவென்று சரிகிறது. இங்கே சோகையை உண்டாக்குவதே எதிர்ப்புச் சக்திதான். அதைக் கூட்டச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

சோகை என்றதும் பேரீச்சை, மாதுளை, இரும்புச் சத்து டானிக் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. மண்ணீரலில் சிதைந்த அணுக்களின் இரும்பு உடலைவிட்டுப் போவதில்லை. ஆகவே இந்தச் சோகைக்கு இரும்பு மருந்தல்ல. புது அணுக்களை வேகமாக உண்டாக்க வேண்டியிருப்பதால் தேவைப்படுவது ஃபோலிக் அமிலம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைக்கிறார்கள். அந்த மஞ்சள் உடைந்த சிவப்பணுவிலிருந்து வருவது, கல்லீரல் கெட்டதால் அல்ல. இப்படிக் கழியும் ஒவ்வொரு நாளும் இதயத்துக்குச் சுமை.

“சோகை வந்துவிட்டது, புற்று முற்றிவிட்டது” என்று கைவிடுவதும் பிழை. எலும்பு மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைப்பதால் வரும் சோகை வேறு, இது வேறு. பிரித்தறிய, சிவப்பணுவில் ஒட்டிய எதிர்ப்புப் புரதத்தைக் காட்டும், 1945-இல் வந்த கூம்ப்ஸ் பரிசோதனையும் ரெட்டிகுலோசைட் எனும் இளஞ்சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பெரிதும் உதவும். அவற்றைப் பார்க்காமல் கீமோவுக்குத் தாவக் கூடாது. தனியாகக் கொடுக்கப்படும் ஃப்ளூடராபின் என்ற கீமோ மருந்து இந்த அழிவைத் தூண்டிவிடக்கூடும் என்பது தெரிந்த செய்தி.

முதல் சிகிச்சை, நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. பெரும்பாலோருக்கு இதுவே பலன் தருகிறது. போதாதபோது ரிட்டுக்சிமாப். மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியே நின்றுபோகும் வகைக்குச் சைக்ளோஸ்போரின் கைகொடுக்கிறது.

இந்த மருந்துகளால் தொற்று வரலாம், சர்க்கரை ஏறலாம், பதுங்கியிருந்த ஹெபடைட்டிஸ் பி விழித்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. அதனால்தான் ரிட்டுக்சிமாபுக்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்கிறார்கள். சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வரச் சொல்கிறார்கள். பயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. அடங்கியிருந்த சிவப்பணு அழிவும் மீண்டும் தொடங்கிவிடலாம்.