கவலையை மறப்பதற்கா கலை?

திரைப்படம் பார்ப்பது கவலையை மறப்பதற்காகவே என்ற நம்பிக்கையும், அசைவூட்டப் படங்கள், அதாவது வரையப்பட்ட படங்கள், குழந்தைகளுக்கு மட்டுமே உரியவை என்ற நம்பிக்கையும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. துயரத்தை வாழ்விலிருந்து கழித்துவிடலாம், கழித்தபின் எஞ்சுவதே மகிழ்ச்சி என்ற கணக்குதான் அந்த வேர். இத்தகைய படங்களைக் ‘கார்ட்டூன்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் சாதாரணப் பார்வையாளர்கள் மட்டும் இக்கணக்கை நம்பவில்லை. 2022ஆம் ஆண்டின் ஆஸ்கர் மேடையில், குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் பெற்றோர் அதைச் சகித்துக்கொள்வதையும் சொல்லித்தான் அசைவூட்டப் பட விருது அறிமுகம் செய்யப்பட்டது. அத்துறைக் கலைஞர்கள் பின்னர் அதற்கு வெளிப்படையாகக் கண்டனம் தெரிவிக்க நேர்ந்தது.

இக்கணக்கு பிழையானது என்று காட்ட, இசாவோ தகஹாதா இயக்கி 2013 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘இளவரசி ககுயாவின் கதை’ ஒன்றே போதும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதும், ஜப்பானிய உரைநடைப் புனைகதைகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவதுமான ‘மூங்கில் வெட்டியின் கதை’ இப்படத்தின் மூலம். மூங்கிலுக்குள் ஒரு சிறுமியைக் கண்டெடுக்கும் கிழவர் மனைவியோடு சேர்ந்து அவளை வளர்ப்பதும், அவள் மணம் பேச வந்த ஐந்து பிரபுக்களை இயலாத பணிகளை ஏவி விலக்குவதும், முடிவில் தான் பிறந்த சந்திர மண்டலத்துக்கே திரும்ப நேர்வதும் அப்பழங்கதையிலேயே உள்ளவை. ஏதோ ஒரு குற்றத்துக்காக அவள் பூமிக்கு அனுப்பப்பட்டாள் என்று கூறும் மூலக்கதை, அக்குற்றம் இன்னதென்று கூறுவதில்லை. தகஹாதாவின் படம் அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். முன்பு பூமியில் வாழ்ந்து திரும்பிய ஒருத்தி, நினைவெல்லாம் அழிக்கப்பட்ட பின்னும் அங்கே கற்ற பாட்டொன்றைப் பாடிக் கண்ணீர் வடிப்பதைக் கண்ட ககுயா, அந்தக் கண்ணீரை வரவழைத்த பூமியின்மீது ஏக்கம் கொண்டாள். அந்த ஏக்கமே குற்றம்; அந்தப் பூமிக்கே அனுப்பப்பட்டதுதான் தண்டனை.

கவலையை மறக்க வேண்டுவோரின் இலட்சிய உலகம் எப்படியிருக்கும் என்பதைப் படத்தின் இறுதிப் பகுதி ஈவிரக்கமின்றிக் காட்டுகிறது. ஜப்பானிய பௌத்தத்தில் ‘ரைகோ’ என்றொரு ஓவிய மரபு உண்டு. இறக்கும் தறுவாயில் இருப்பவரை அழைத்துச்செல்ல அமிதாப புத்தர் இசைக் கருவிகள் ஏந்திய பரிவாரத்தோடு மேகத்தின்மீது இறங்கிவருவதை அவ்வோவியங்கள் சித்திரிக்கின்றன. ககுயாவை அழைத்துச்செல்ல வரும் ஊர்வலத்தைத் தகஹாதா அந்த மரபின் சாயலிலேயே அமைத்திருக்கிறார். பார்ப்போர் உடனே மரணத்தை உணர்ந்துவிடும் அவ்விடத்தில், ஜோ ஹிசாயிஷியின் இசையோ கொஞ்சமும் சோகமின்றித் துள்ளலாக ஒலிக்கிறது. துயரம் அறியாதவர்களின் இசையில் துயரம் எப்படி இருக்கும்? வந்தவர்களிடம் இருக்கும் இறகாடையைப் போர்த்திக்கொண்டால் பூமியின் மாசெல்லாம் மறந்துபோகும் என்று ககுயாவிடம் சொல்லப்படும்போது, பூமியில் மாசில்லை, இங்கே மகிழ்ச்சியும் துயரும் உயிர்களும் நிறைந்திருக்கின்றன என்று அவள் மறுத்துப் பேசத் தொடங்குகிறாள். அவள் பேசி முடிப்பதற்குள் ஆடை தோளில் விழுகிறது, முகம் வெறுமையாகிறது. துயரத்தைக் கழித்தால் மகிழ்ச்சி எஞ்சும் என்ற கணக்குக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது. ஏனெனில் அந்த ஆடை வளர்த்தவர்களைப் பிரியும் வேதனையோடு அவர்கள்மீது கொண்ட அன்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. திரையரங்கில் மறதியை வேண்டுவோர் உண்மையில் வேண்டுவது இந்த ஆடையைத்தான்.

கதையில் மட்டுமன்றி, கோட்டிலும் இந்தக் கருத்து இருக்கிறது. வழவழப்பான வண்ணப் பரப்புகளை விடுத்து, பென்சில் கோடுகளும் நீர்வண்ணமும் விளிம்புகளில் வெறுமையாக விடப்பட்ட வெண்மையுமாக வரையப்பட்ட இப்படத்தில், ககுயாவுக்குப் பெயர்சூட்டும் விருந்தில் குடிபோதையிலிருக்கும் விருந்தினர் அவளை இழிவாகப் பேசுவது அவள் காதில் விழுகிறது. அவள் மாளிகையைவிட்டு வெறிகொண்டு ஓடுகையில் கோடுகள் கரிக்கட்டையால் கிறுக்கியவைபோல முரடாகி, அடுக்காடைகள் ஒவ்வொன்றாய் உதிர, உருவமே கலைந்துபோகிறது. நடிகரின் உடலைப் படம்பிடிக்கும் கேமராவால் ஒரு மனத்தின் சீற்றத்தை இப்படிக் கோட்டின் சிதைவாகக் காட்டிவிட முடியாது. வரையப்பட்டது என்பதாலேயே ஒரு படம் சிறுபிள்ளைத்தனமானது என்போர் இந்த ஒரு காட்சியையாவது பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

மக்கள் விரும்புவது மறதியைத்தானே, வசூலே அதற்குச் சாட்சி அல்லவா என்று எதிர்ப்போர் கேட்பர். சுமார் எட்டாண்டு உழைப்பும் ஏறத்தாழ 500 கோடி யென் செலவும் கொண்ட இப்படம், ஜப்பானில் ஈட்டியது அச்செலவில் பாதியளவே என்பது உண்மை. 2015இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ‘பிக் ஹீரோ 6’ படத்திடம் தோற்றதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு வாக்காளர் ஒருவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு ஹாலிவுட் பத்திரிகை ஒன்றுக்குப் பேசும்போது, இந்த ஜப்பானியப் படத்தையும் அயர்லாந்துக் கதையான ‘சாங் ஆஃப் தி சீ’ படத்தையும் சேர்த்து, யாருமே பார்த்திராத சீனப் படங்கள் என்ற பொருளில் ஏளனம் செய்தார். எந்த நாட்டுப் படம் என்பதைக்கூட அறியாதவர்களின் வாக்கு படத்தின் தகுதிக்கு அளவுகோல் ஆகாது. வசூலும் அப்படித்தான், அது ஒரு படத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்லுமேயன்றி, வந்தவர்களுக்குள் அது என்ன செய்தது என்பதைச் சொல்லாது.

குழந்தைகளின் பெயரால் எழுப்பப்படும் வாதம் இதைவிட வலுவற்றது. தகஹாதாவும் ஹயாவோ மியாசாகியும் நிறுவனர்களாக இருந்த ஜிப்லி படக்கூடம், 1988 ஏப்ரலில் ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’, ‘மின்மினிகளின் கல்லறை’ ஆகிய இரண்டையும் சேர்த்து இரட்டைக் காட்சியாகவே வெளியிட்டது. இனிமையான படம் என்று எல்லோரும் கொண்டாடும் முதற்படத்தின் அடியில், மருத்துவமனையில் கிடக்கும் தாய் திரும்புவாளா என்ற அச்சம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. தாளமுடியாத சோகம் என்று அஞ்சப்படும் இரண்டாம் படத்திலோ, குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் இருண்ட பதுங்குகுழிக்குள் மின்மினிகளைப் பறக்கவிட்டுச் சிரிக்கிறார்கள். மறுநாள் காலையில் இறந்துகிடக்கும் அதே பூச்சிகளுக்குத்தான் தங்கை குழி தோண்டுகிறாள். அந்த இரவின் சிரிப்பை வெட்டியெறிந்துவிட்டுக் காலைத் துயரத்தையோ, துயரத்தை நீக்கிவிட்டுச் சிரிப்பையோ தனியாக எடுத்துவைக்க எந்தப் பார்வையாளராலும் இயலாது. தகஹாதாவே 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரின்மீது நடந்த விமானத் தாக்குதலில் தப்பியோடியபோது அவருக்கு வயது ஒன்பதுதான். துயரம் குழந்தைகளின் வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதை அறிந்தவர் அவர்.

ஆகவே, இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தயங்கும் பெற்றோர், அவர்களைத் தொலைக்காட்சிக்கு முன் அமர்த்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகும் வழக்கத்தை ஒருநாள் கைவிட்டு, ‘இளவரசி ககுயாவின் கதை’யின் 137 நிமிடமும் உடனிருந்து பார்க்கட்டும், நடுவில் குழந்தை அழுதால், படத்தை நிறுத்தாமல் அழவிடட்டும்.